வரி கட்டுபவரும் வசிப்பவரும்: கிழக்கு லண்டனில் ஒரு பரோவின் தேர்தல் வரலாறு

1

உள்ளாட்சித் தேர்தல் என்றதும் நம் கோட்பாட்டு விவாதங்களில் ஓர் அலட்சியம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அரசு, தேசம், வர்க்கம், புரட்சி என்று பேசிப் பழகிய வாய்க்குத் தெருவிளக்கும் சாக்கடையும் குப்பை வண்டியும் ருசிப்பதில்லை. ‘இதில் என்னங்க அரசியல் இருக்கிறது, வார்டு கவுன்சிலர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது’ என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிற நண்பர்கள் உண்டு. அரசு என்பது தலைநகரத்தில், நாடாளுமன்றத்தில், இராணுவத்தில், நீதிமன்றத்தில் இருக்கிறது. உள்ளாட்சி வெறும் நிர்வாகம் என்பது இவர்களுடைய எண்ணம். இந்த எண்ணமே ஓர் அரசியல். எது அரசியல், எது நிர்வாகம் என்று கோடு கிழிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் உள்ளாட்சியின் வரலாறு முழுக்க நடந்த சண்டை.

இந்தச் சண்டையை ஒரே ஓர் இடத்தை வைத்துப் பார்க்கலாம். லண்டன் நகரின் கிழக்குக் கரையில், தேம்ஸ் ஆற்றின் வளைவை ஒட்டியிருக்கும் பரோ. இன்று அதன் பெயர் டவர் ஹாம்லெட்ஸ். 1965க்கு முன் அது பாப்ளர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் என்று மூன்று பரோக்களாக இருந்தது. துறைமுகக் கூலிகள், தையல்காரர்கள், கப்பல் துறைகள், தஞ்சம் தேடி வந்தவர்கள் என்று உலகத்தின் பாதி வந்து இறங்கிய இடம். பிரெஞ்சு ஹ்யூகனாட்டுகள், ஐரிஷ்காரர்கள், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், சில்ஹெட்டிலிருந்து வந்த வங்காளிகள் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ‘இந்த ஊர்க்காரன் யார்?’ என்ற கேள்வி இங்கே ஒருநாளும் ஓய்ந்ததில்லை. தேர்தல் என்பது இந்தக் கேள்விக்கு அவ்வப்போது எண்ணிக்கையில் சொல்லப்பட்ட பதில்.

2

முதலில் வாக்கு யாருக்கு இருந்தது என்று பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் உள்ளாட்சி வாக்கு மனிதருக்கு உரியதாக இல்லை, சொத்துக்கு உரியதாக இருந்தது. ‘ரேட்’ எனப்பட்ட சொத்துவரியைக் கட்டுபவர்தான் ஊர்க்காரர். 1834இன் ஏழை நிவாரணச் சட்டத்தின் கீழ் அமைந்த காப்பாளர் சபைகளுக்கு, அதாவது ஏழைகளுக்கு உதவி கொடுக்கவும் வேலையில்லங்களை நடத்தவும் பொறுப்பான சபைகளுக்கு, நடந்த தேர்தல்களில் சொத்து மதிப்புக்கு ஏற்ப ஒருவருக்கே பல வாக்குகள் உண்டு. சொத்தின் உரிமையாளராக ஆறு, அதில் குடியிருப்பவராக ஆறு, ஆகப் பன்னிரண்டு வாக்குவரை ஒரே ஆள் போடலாம். உதவி வாங்குகிறவனுக்கோ ஒரு வாக்குகூடக் கிடையாது. கொடுப்பவனுக்குப் பன்னிரண்டு, வாங்குபவனுக்குப் பூஜ்யம். முதலாளியச் ‘சமத்துவத்தின்’ கணக்கை இதைவிட நேர்மையாக யாரும் எழுதிக் காட்டியதில்லை.

இந்தப் பன்மை வாக்கு 1894இல் ஒழிந்தது; காப்பாளராகப் போட்டியிடச் சொத்து வேண்டும் என்ற நிபந்தனையும் போனது. அதற்கு ஓராண்டு முன்னதாக, சொத்துத் தகுதி குறைக்கப்பட்ட நிலையில், பாப்ளரின் காப்பாளர் சபைக்குள் இரண்டு பேர் நுழைந்தார்கள். ஒருவர் வில் குரூக்ஸ். பிள்ளைப் பிராயத்தில் அதே பாப்ளர் வேலையில்லத்தில் அடைக்கப்பட்டிருந்தவர். 1897இல் அதே சபைக்குத் தலைவரானார். மற்றவர் ஜார்ஜ் லான்ஸ்பரி. வேலையில்லம் என்பது ஏழையைத் தண்டித்துத் திருத்தும் கூடம் என்ற கருத்தை உள்ளேயிருந்தே கலைக்கத் தொடங்கினார்கள். தின்கிற மாதிரியான சாப்பாடு, உடுத்துகிற மாதிரியான உடை, இவ்வளவுதான் அவர்கள் செய்த ‘புரட்சி’. இதற்கே செலவு மிஞ்சிப்போகிறது என்று கூச்சல் கிளம்பி 1906இல் அரசு விசாரணை வைத்தது. உடம்பைக் கண்காணிக்கும் கூடங்களைப் பற்றி ஃபூக்கோவை மேற்கோள் காட்டிப் பேசுகிற நாம், ஒரு கூடத்தில் அடைபட்ட பையன் வளர்ந்து வாக்குச்சீட்டு வழியே அதன் சாவியைக் கையில் வாங்கிய இந்தச் சிறு நிகழ்வையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

1899இன் லண்டன் ஆட்சிச் சட்டம் 28 பெருநகர பரோக்களை உண்டாக்கியது. 1900 நவம்பரில் முதல் தேர்தல். பெண்களின் நிலை விசித்திரமானது. வரி கட்டும் திருமணமாகாத பெண்ணுக்கும் கைம்பெண்ணுக்கும் 1869 முதலே நகராட்சி வாக்கு உண்டு. ஆனால் கல்யாணம் ஆகிவிட்டால் அந்த வாக்கு போய்விடும் என்று 1872இல் நீதிமன்றம் சொன்னது. பரோ கவுன்சில்களில் பெண்கள் உறுப்பினராகலாம் என்ற சட்டம் 1907இல்தான் வந்தது. 1918இன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வாடகைக்குக் குடியிருப்போரையும், முப்பது வயதைக் கடந்த அவர்களுடைய மனைவியரையும் உள்ளாட்சி வாக்காளராக்கியது. ஏழை நிவாரணம் வாங்கினால் வாக்குரிமை பறிபோகும் என்ற பழைய விதியையும் நீக்கியது. இது சின்ன விஷயமல்ல. துறைமுகத்தில் தினக்கூலி, இன்று வேலை உண்டு, நாளை இல்லை. நிவாரணம் வாங்காத குடும்பமே அரிது. அந்தக் குடும்பங்கள் முதல்முறையாக ‘ஊர்க்காரர்’ ஆயின.

3

விளைவு 1919 நவம்பரில் தெரிந்தது. பாப்ளரின் 42 இடங்களில் 39ஐத் தொழிற்கட்சி பிடித்தது. லான்ஸ்பரி மேயரானார். துறைமுகத் தொழிலாளர்களும் ரயில்வே ஊழியர்களும் கவுன்சிலர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நகராட்சி ஊழியருக்கு வாரம் 4 பவுண்டு குறைந்தபட்சக் கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே என்று தீர்மானித்தார்கள். 1920இல் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை விளக்கத் தேவையில்லை.

பிறகு போருக்குப் பிந்தைய மந்தம் வந்தது, வேலையில்லாதோர் பெருகினார்கள். வேலையில்லாதவருக்கு நிவாரணம் கொடுக்க வேண்டியது உள்ளூர் வரியிலிருந்து. வேலையில்லாதோர் அதிகமுள்ள ஊர் எது? ஏழை ஊர். வரி வருமானம் குறைவான ஊர் எது? அதே ஏழை ஊர். பவுண்டுக்கு ஒரு பென்னி என்று வரி போட்டால் வெஸ்ட்மின்ஸ்டரில் கிடைப்பது பாப்ளரில் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. ஆக, ஏழைக்கு ஏழையே சோறு போட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. துறைமுகத்தின் லாபம் மேற்கே போகும், துறைமுகத்தின் பட்டினி கிழக்கிலேயே தங்கும். இந்த ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் ‘உள்ளூர்ப் பொறுப்பு’.

பாப்ளர் கவுன்சில் 1921இல் ஒரு முடிவெடுத்தது. தன் வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுக்க வேண்டிய நான்கு பெருநகர அமைப்புகளின் பங்கை, அதாவது லண்டன் கவுண்டி கவுன்சில், பெருநகரப் போலீஸ், மருத்துவமனைகளை நடத்திய அசைலம் வாரியம், குடிநீர் வாரியம் ஆகியவற்றின் பங்கை, வசூலிக்கவே மாட்டோம் என்றது. வழக்கு வந்தது. ஜூலை 29 அன்று கவுன்சிலர்கள் ஆயிரக்கணக்கானோருடன், மேளமும் பதாகையுமாகப் பாப்ளரிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு நடந்தே போனார்கள். உத்தரவை மீறியதற்காகச் செப்டம்பரில் 30 பேர் சிறைக்குப் போனார்கள்: ஆண்கள் 25 பேர் பிரிக்ஸ்டனுக்கு, பெண்கள் ஐவர் ஹாலோவேக்கு. சூசன் லாரன்ஸ், ஜூலியா ஸ்கர், மின்னி லான்ஸ்பரி, ஜென்னி மெக்கே, நெல்லி கிரெஸ்ஸல் ஆகியோர் அந்த ஐவர். கிரெஸ்ஸல் அப்போது கர்ப்பிணி. சிறைக்குள்ளேயே கவுன்சில் கூட்டம் நடந்தது. ஹாலோவேயிலிருந்து பெண்களைப் பிரிக்ஸ்டனுக்கு அழைத்து வந்து கூட்டத்தில் உட்கார வைத்தார்கள். சிறையும் நகரமன்றமும் ஒரே அறையான தருணம் அது. பக்கத்து பரோக்களான ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் நாங்களும் கட்ட மாட்டோம் என்று தீர்மானம் போட்டன. அக்டோபர் 12 அன்று எல்லாரையும் விட்டார்கள். வெளியிலிருக்கும் ஏழைகளுக்கான நிவாரணச் செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் சட்டம் அந்த ஆண்டே நிறைவேறியது. மின்னி லான்ஸ்பரி 1922 ஜனவரி முதல் நாள் இறந்துபோனார், வயது 32.

இந்தக் கதையை வீரகாவியமாகச் சொல்லி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அதன் அடுத்த அத்தியாயம் முக்கியம். தொழிற்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. பக்கத்து ஹேக்னியின் மேயர் ஹெர்பர்ட் மாரிசன், சட்டத்தை மீறினால் கட்சி ஆளத் தகுதியற்றது என்று மக்கள் நினைத்துவிடுவார்கள் என்று வாதாடினார். ‘பாப்ளரிசம்’ என்ற சொல் வசைச் சொல்லாகப் புழங்கியது. 1925இல் பிரபுக்கள் சபை, ராபர்ட்ஸ் எதிர் ஹாப்வுட் வழக்கில், அந்த 4 பவுண்டு கூலியைச் சட்டவிரோதம் என்றது. விலைவாசி இறங்கிய பிறகும் கூலியைக் குறைக்காதது நியாயத்துக்குப் புறம்பு. கவுன்சில் வரி கட்டுவோரின் பணத்துக்குக் காவலாளி. சோஷலிசப் பரோபகாரமும் ஆண்–பெண் சமக்கூலி ஆசையும் கவுன்சிலுக்கு வழிகாட்டக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கே நின்று கவனிக்க வேண்டும். 1918இல் வாடகைக் குடியிருப்பவரும் நிவாரணம் வாங்குகிறவரும் வாக்காளரானார்கள். 1925இல் நீதிமன்றம் சொன்னது என்ன? வாக்கு போட்டவர் யாராயிருந்தாலும் இருக்கட்டும், கவுன்சில் யாருக்குப் பொறுப்பு என்றால் வரி கட்டுபவருக்குத்தான். சட்டத்தின் முன்வாசலில் விரட்டப்பட்ட சொத்துவாதம் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொண்டது. கிராம்சி பேசிய மேலாண்மை என்பதற்கு இது நல்ல உதாரணம். வலுக்கட்டாயம் தேவைப்படவில்லை, ‘நியாயம்’ என்ற ஒற்றைச் சொல் போதுமாக இருந்தது. 1926இல் இன்னொரு சட்டம் வந்தது. சொன்னபடி கேட்காத காப்பாளர் சபையைக் கலைத்து, நியமன ஆட்களை அங்கே அமர்த்த மந்திரிக்கு அதிகாரம். பக்கத்து வெஸ்ட் ஹாம் சபைமேல் அது பாய்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் நியமிக்கப்பட்டவர் வருவார் என்ற இந்த முறை பின்னாலும் திரும்பத் திரும்ப வரும்.

4

வாக்குரிமையின் இன்னொரு பக்கமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டெப்னியில் வந்து குடியேறிய யூதர்கள் பலர் ‘அந்நியர்’. குடியுரிமை பெறாதவரை வாக்கில்லை. வரி கட்டலாம், வாடகை கட்டலாம், வாக்கு போட முடியாது. அவர்களுக்கு எதிரான கூச்சலிலிருந்து 1905இன் அந்நியர் சட்டம் பிறந்தது. அவர்களுடைய பிள்ளைகள் பிறப்பால் பிரித்தானியர்; அந்தத் தலைமுறை கேபிள் தெருவில் 1936 அக்டோபர் 4 அன்று மோஸ்லியின் கருஞ்சட்டைகளை வழிமறித்த கூட்டத்தில் இருந்தது. தெருவில் மறிக்கப்பட்ட ஃபாசிசம் அடுத்த மார்ச்சில் வாக்குச்சாவடிக்கு வந்தது. 1937 லண்டன் கவுண்டி கவுன்சில் தேர்தலில் பெத்னல் கிரீன் வடகிழக்கில் அது 23 விழுக்காடு வாக்குகள் வாங்கியது. ஓர் இடமும் கிடைக்கவில்லை. உள்ளாட்சி வாக்கு அப்போதும் குடியிருப்புக்குப் பொறுப்பானவருக்கும் துணைவருக்குமே இருந்ததால், அப்பா வீட்டில் இருந்த இளைஞர்கள் பலருக்கு வாக்கில்லை. ஃபாசிஸ்டுகளின் ஆதரவாளர்களில் அந்த இளைஞர்களே நிறைய. குறைபட்ட ஜனநாயகம் ஒருமுறை தற்செயலாக நல்லது செய்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதே 1937இல் ஸ்டெப்னி பரோ கவுன்சிலுக்குக் கம்யூனிஸ்ட் ஃபில் பிராட்டின் தேர்வானார். வீட்டுக்காரனின் வாடகைக் கொள்ளைக்கு எதிராக, மோஸ்லி கட்சி உறுப்பினர் குடும்பத்துக்காகவும் சேர்த்துப் போராடியதுதான் அந்த அரசியலின் பலம்.

நாடாளுமன்ற வாக்காளர் எல்லாரும் உள்ளாட்சி வாக்காளர் என்பது 1945இல் வந்தது. கடை வைத்திருப்பதற்காக ஒருவர் வசிக்காத ஊரில் போடும் வாக்கு 1969இல் ஒழிந்தது. லண்டன் சிட்டி மட்டும் விதிவிலக்கு, அந்த நிதிச் சதுர மைலில் வணிக நிறுவனங்களின் வாக்கு அப்படியே நீடித்தது. வாக்கு வயதும் 18ஆனது. சொத்திலிருந்து வாக்கு முழுசாகப் பிரிய ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இதோடு ஒரு காலனிய மிச்சத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரித்தானியப் பேரரசின் குடிகள், பின்னாளில் காமன்வெல்த் குடிமக்கள், அங்கே சட்டப்படி குடியிருந்தால் வாக்கு போடலாம். யூத அகதிக்கு இல்லாத வாக்கு சில்ஹெட்காரருக்குப் பட்டியலில் பெயர் பதிந்தவுடன் இருந்தது. பின்னால் லண்டனுக்குப் போன ஈழத்தமிழருக்கும் இதே வழியில்தான் குடியுரிமைக்கு முன்பே வாக்குரிமை கிடைத்தது. பேரரசு பறித்தது எவ்வளவோ. அதன் காகிதங்களில் மறந்துபோய் விட்டுவைத்த ஒரு வரி இது. அந்த ஒரு வரியால்தான் ‘நீ யார் இந்த ஊருக்கு?’ என்ற கேள்விக்கு வாக்குச்சீட்டில் பதில் சொல்ல முடிந்தது. கேள்வியைக் கேட்டவர்கள் அதனாலேயே மேலும் ஆத்திரப்பட்டார்கள்.

5

1965இல் மூன்று பரோக்களும் சேர்ந்து டவர் ஹாம்லெட்ஸ் ஆயின. பல ஆண்டுகளுக்குத் தொழிற்கட்சிக்கு எதிரி என்று சொல்லும்படி யாருமில்லை. எதிரி இல்லாத கட்சிக்கு என்ன ஆகும்? பாப்ளரின் பிள்ளைகள் சாவிக்கொத்து வைத்திருக்கும் அதிகாரிகளானார்கள். வீடு யாருக்கு என்று முடிவு செய்வதே கவுன்சிலின் பெரிய வேலை; அந்த முடிவு காத்திருப்போர் பட்டியலுக்குள், மூடிய கதவுக்குப் பின்னே நடந்தது. 1970 மார்ச்சில் ஐல் ஆஃப் டாக்ஸ் மக்கள், கவுன்சிலர் டெட் ஜான்ஸ் தலைமையில், பாலத்தை மறித்து ‘சுதந்திரப் பிரகடனம்’ செய்தார்கள். பேருந்து சரியில்லை, பள்ளி இல்லை, எங்களை யாரும் கேட்பதில்லை என்பது குறை. விளையாட்டு மாதிரி தெரிந்தாலும் அதன் உள்ளே நிஜமான மனத்தாங்கல் இருந்தது.

1978 மே 4 உள்ளாட்சித் தேர்தல் நாள். இனவாத நேஷனல் ஃப்ரண்ட் பரோவில் பல இடங்களில் வேட்பாளர்களை நிறுத்தியிருந்தது. அன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளி வைட்சாப்பலில் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து ஆயிரக்கணக்கானோர் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் ஹைட் பார்க்குக்கும் அங்கிருந்து பிரதமர் இல்லத்துக்கும் நடந்தார்கள். 1921இன் ஊர்வலத்தை எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் 1978இன் ஊர்வலத்தை ‘இன உறவு’ என்று வேறொரு அத்தியாயத்தில் போட்டுவிடுகிறார்கள். நான் அப்படிப் பிரிக்கத் தயாரில்லை. ஒன்று வரிக்கானது, இன்னொன்று உயிருக்கானது. இரண்டுமே இங்கே வசிப்பவர் யார் என்பதற்கானவை. 1982இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் வார்டில் ஒரு வங்காளி சுயேச்சையாக நின்று ஜெயித்தார். தொழிற்கட்சி வாய்ப்பளிக்கத் தயங்கியதால் வெளியிலிருந்து கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

இதற்கிடையில் மேலேயிருந்து பெரிய கத்திரிகள் இறங்கின. தாட்சர் அரசின் 1980 வீட்டு வசதிச் சட்டம் கவுன்சில் வீடுகளைக் குடியிருப்போருக்கு விற்கச் சொன்னது. 1981இல் டாக்லாண்ட்ஸ் வளர்ச்சிக் கழகம் என்ற நியமன அமைப்பு வந்து, ஆற்றோர நிலத்தின் திட்டமிடும் அதிகாரத்தைக் கவுன்சிலிடமிருந்து எடுத்துக்கொண்டது. துறைமுகம் மூடிய நிலத்தில் கேனரி வார்ஃப் எழுந்தது. அந்தக் கோபுரங்களுக்கு யாரும் வாக்கு போடவில்லை. 1984இல் வரிக்கு உச்சவரம்பு; 1986இல் பெருநகர லண்டன் கவுன்சிலே கலைப்பு. வீடு குறைந்தது, நிலம் போனது, பணம் குறைந்தது. மிச்சமிருந்த வீடுகள் யாருக்கு என்ற சண்டை மட்டும் கவுன்சிலிடம் விடப்பட்டது.

அந்தச் சண்டையில்தான் 1986இல் லிபரல் கூட்டணி 50இல் 26 இடங்களைப் பிடித்து, பாப்ளர் மரபின் தொழிற்கட்சியைக் கவிழ்த்தது. அவர்கள் செய்தது அதிகாரப் பரவலாக்கம். பரோவை ஏழு ‘சுற்றுப்புறங்களாக’ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி வரவு செலவு, அந்தந்தப் பகுதிக் கவுன்சிலர்களுக்கே முடிவெடுக்கும் அதிகாரம் என்றார்கள். மையத்தை உடைப்பது, அதிகாரத்தைச் சிதறடிப்பது, சிறு கதையாடல்கள் என்றெல்லாம் நாமும் அந்த ஆண்டுகளில் உற்சாகமாக எழுதிக்கொண்டிருந்தோமே, அதன் செயல் வடிவம் போலவே இருந்தது. நடந்தது வேறு. சுற்றுப்புறம் சிறியதாகச் சிறியதாக ‘நம்ம ஆள்’ என்ற வட்டமும் சிறியதானது. உள்ளூர்க்காரரின் பிள்ளைகளுக்கே வீட்டில் முன்னுரிமை என்ற ‘மகன்–மகள்’ திட்டம் வந்தது. கேட்க இனிமையாக இருக்கிறது. அம்மாவுக்குப் பக்கத்தில் மகள் இருக்கட்டும் என்பதில் என்ன தப்பு? ஆனால் நேற்று வந்தவருக்குப் பரோவில் அம்மா அப்பா கிடையாது. இனம் என்ற சொல்லே இல்லாமல் இனத்தால் வடிகட்டும் சல்லடை அது. வங்கதேசத்தில் ஒரு வீட்டை விட்டுவிட்டு வந்த குடும்பம் ‘வேண்டுமென்றே வீடிழந்தது’, ஆகவே வீடு தரும் கடமை எங்களுக்கு இல்லை என்றும் 1987இல் கவுன்சில் முடிவெடுத்தது. 1921இல் ஏழையின் பக்கம் நின்ற ‘உள்ளூர்’ என்ற சொல், எழுபதாண்டுக்குள் ஏழையைச் சல்லடை போடும் சொல்லாகிவிட்டது.

1993 செப்டம்பர் 16 அன்று ஐல் ஆஃப் டாக்ஸின் மில்வால் வார்டில் இடைத்தேர்தல். பிரித்தானிய நேஷனல் கட்சியின் டெரெக் பீக்கன் 1,480 வாக்கு, தொழிற்கட்சி 1,473. ஏழே வாக்கில் இனவாதக் கட்சி அந்தப் பரோவின் சபைக்குள் வந்தது. கேனரி வார்ஃப் கோபுரத்தின் நிழல் விழும் வார்டு அது. கோபுரத்துக்கு எதிராகச் செய்ய ஒன்றுமில்லை என்று புரிந்தவர்களின் கோபம், புதிதாகக் கட்டிய சில வீடுகளில் குடியேறிய வங்காளிகள்மேல் திரும்பியது. லிபரல் டெமாக்ரட் கட்சி தன் உள்ளூர் ஆட்களின் துண்டறிக்கைகளில் இனவாதம் இருந்ததா என்று விசாரணையே வைக்க வேண்டியதாயிற்று. 1994 மேயில் பீக்கன் தோற்றார். ஆனால் அவர் வாங்கிய வாக்கு கூடியிருந்தது, குறையவில்லை. அவரைத் தோற்கடித்தது மனமாற்றம் அல்ல, வீடு வீடாகப் போய் வாக்காளரைத் திரட்டிய வேலை. வங்காளிகளின் வாக்குப் பதிவு அதில் பெரும்பங்கு. தொழிற்கட்சி திரும்பவும் ஆட்சிக்கு வந்து சுற்றுப்புறங்களைக் கலைத்தது.

6

கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கு வசதி: ஒடுக்கப்பட்டவர் வாக்கால் வென்றார் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். அடுத்து வந்தது அவ்வளவு வசதியானதல்ல.

2000இன் சட்டம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மேயர் என்ற முறையைக் கொண்டுவந்தது. 2010 மே வாக்கெடுப்பில் டவர் ஹாம்லெட்ஸ் அதை ஏற்றது. அதே அக்டோபரில், தொழிற்கட்சியால் வேட்பாளர் தகுதியிலிருந்து நீக்கப்பட்ட லுத்ஃபுர் ரஹ்மான் சுயேச்சையாக நின்று முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாக்கு வாங்கினார். வாக்களித்தவர் மொத்த வாக்காளரில் ஏறத்தாழ கால்வாசிதான். 1919இல் 42 பேரிடம் பகிர்ந்திருந்த அதிகாரம் இப்போது ஒருவரிடம். 2014 இறுதியில் மத்திய அரசு ஆணையர்களை அனுப்பியது; 1926இன் நிழல் அது. 2015 ஏப்ரல் 23 அன்று தேர்தல் நீதிமன்றம் அவருடைய 2014 வெற்றியைச் செல்லாதது என்றது. போலி வாக்கு, மானியங்களை வாக்குக்காகப் பயன்படுத்தியது, எதிர் வேட்பாளரை இனவாதி என்று பொய்யாகச் சொன்னது ஆகியவை நிரூபணம் ஆயின என்று தீர்ப்பு. ஐந்தாண்டுத் தடை. குற்றவியல் வழக்கு எதுவும் அவர்மேல் தொடரப்படவில்லை. 2022 மேயில் அவர் மறுபடியும் மேயராகத் தேர்வானார். அவருடைய ஆஸ்பயர் கட்சி 45 இடங்களில் 24 பிடித்தது.

இரண்டு எளிய வாசிப்புகள் தயாராக இருக்கின்றன. ஒன்று: குடியேறிகள் ஊழலைக் கொண்டுவந்தார்கள். இன்னொன்று: வெள்ளை நீதிமன்றம் வங்காளித் தலைவரைப் பழிவாங்கியது. இரண்டையும் மறுக்க வேண்டும். முதலாவதற்கு, பன்னிரண்டு வாக்குப் போட்ட சொத்துக்காரரையும், வீட்டுச் சாவியை வாக்காக மாற்றிய பழைய கட்சி எந்திரத்தையும் நினைவுபடுத்தினால் போதும். இரண்டாவது சற்றுக் கடினம். தீர்ப்பில் யோசிக்க வைக்கும் ஒரு பகுதி உண்டு: 101 இமாம்கள் கையெழுத்திட்டு ஆதரவு கேட்ட அறிக்கையை ‘முறைகேடான ஆன்மிகச் செல்வாக்கு’ என்றது நீதிமன்றம். 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தின் கத்தோலிக்கப் பாதிரிகளை மனத்தில் வைத்து வளர்ந்த சட்டம் அது. தன் வாக்காளரைத் தானே யோசிக்கத் தெரியாத மந்தையாகப் பார்க்கும் காலனியப் பார்வை அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது என்று வாதிடலாம். ஆனால் வழக்குத் தொடுத்த நால்வரும் அதே பரோவின் வாக்காளர்கள்தான். போலி வாக்கால் முதலில் ஏமாற்றப்படுபவன் நேர்மையாக வரிசையில் நின்று வாக்கு போட்ட வங்காளித் தொழிலாளியேதான். அவனுடைய வாக்கின் எடையைத்தான் அது குறைக்கிறது. ஒடுக்கப்பட்டோர் அரசியல் என்ற பெயரில் இதைக் கண்டுகொள்ளாமல் போவது, 1978இல் சவப்பெட்டியின் பின்னால் நடந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

என் வாதத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். இந்தப் பரோவின் 120 ஆண்டுத் தேர்தல்களில் இரண்டு கேள்விகள் மாறி மாறி வந்தன. பணம் யாரிடமிருந்து வர வேண்டும்? வீடு யாருக்குப் போக வேண்டும்? முதல் கேள்வியை எழுப்பியபோது உள்ளூர் மக்கள் மேலே பார்த்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டரையும் துறைமுக முதலாளியையும் பார்த்தார்கள். 1921 அப்படிப்பட்ட ஆண்டு. அந்தக் கேள்வியைக் கேட்கும் வழிகள் தீர்ப்பாலும் உச்சவரம்பாலும் நியமனக் கழகங்களாலும் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. அடைத்த பிறகு இரண்டாவது கேள்வி மட்டும் மிஞ்சியது. அதைக் கேட்கும்போது பக்கத்து வீட்டைத்தான் பார்க்க முடியும். மில்வாலின் ஏழு வாக்கும், ‘மகன்–மகள்’ திட்டமும், மானியம் யார் சங்கத்துக்கு என்ற பின்னாளைய சண்டையும் இந்த இரண்டாவது கேள்விக்குள் பிறந்தவை. இனவாதம் மக்கள் மனத்தில் இயல்பாக ஊறிக்கிடக்கிறது என்று சொல்பவர்கள், அது எந்தப் பஞ்சத்தில் முளைத்தது என்பதைச் சொல்வதில்லை. பஞ்சம் மட்டுமே காரணம் என்று சொல்பவர்கள், அதே பஞ்சத்தில் 1921இல் வேறொன்று முளைத்ததை மறந்துவிடுகிறார்கள். பஞ்சத்தை எந்தத் திசையில் திருப்புவது என்பது அமைப்பின் வேலை, கட்சியின் வேலை, தெருவில் நடக்கும் வேலை.

பாப்ளரின் ஹேல் தெருவில் 1921இன் வரிக் கலகத்தை நினைவுகூரும் சுவரோவியம் ஒன்று இருக்கிறது, 1990இல் வரையப்பட்டது. அது வரையப்பட்ட ஆண்டில்தான் லிபரல்கள் 30 இடங்களோடு மறுபடி வென்றார்கள். வீட்டுப் பட்டியல்களில் சல்லடை ஓடிக்கொண்டிருந்தது. கொலை நடந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்த பூங்காவுக்கு 1998இல் அல்தாப் அலியின் பெயர் வைத்தார்கள். சுவரோவியத்துக்கும் பூங்காவுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். ஆனால் அந்த இரண்டையும் ஒரே வரலாறாக எழுதிய அரசியல் கட்சி அந்தப் பரோவில் இன்றுவரை அமையவில்லை. வரி கட்டுபவனா, வசிப்பவனா என்ற பழைய சண்டையில் வசிப்பவன் சட்டத்தில் ஜெயித்துவிட்டான். நேற்று வந்து வசிப்பவனும் அதே வசிப்பவன்தானா என்ற சண்டை மட்டும், ஒவ்வொரு நான்கு ஆண்டுக்கும் ஒருமுறை, வார்டு வார்டாக, இன்னும் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கிறது.